தூசு என்று அழிக்கப்பட்ட மச்சம்

தவேந்திரன் இறந்த செய்தி எனக்கு ஒரு பொய்யான படத்தோடு வந்து சேர்ந்தது.

காலைத் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நகரத்துப் புகைப்படச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் ஒரு பதாகை வந்து விழுந்தது. அந்தச் சங்கத்திலிருந்து நான் விலகிப் பல வருடங்கள். குழுவிலிருந்து மட்டும் விலகவில்லை. யார் என்ன பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதாகையில் கோட்டும் டையும் அணிந்த, சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்த ஒரு மனிதர் நின்றார். கையில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் பூட்டிய பெரிய கெமரா. பின்னால் சூரியன் மறைகிற வாவி. கீழே, ‘ஒளியின் நாயகனே, எங்கே சென்றாய்?’ என்று ஒரு வரி. மூலையில் சங்கத் தலைவரின் படம், இறந்தவரின் படத்துக்குச் சற்றுத்தான் சிறியது. யாரோ வெளியூர்க் கலைஞர் போனார் என்று எண்ணித் தொலைபேசியை வைக்கப்போனேன். அப்போதுதான் பெயரைப் பார்த்தேன்.

இருபது வருடங்களுக்கு மேல் பழகிய மனிதரின் மரணத்தை, அவருடைய படத்தைப் பார்த்தும் அடையாளம் காண முடியாத நிலையில் நான் அறிந்தேன். இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னபோது அவருடைய மனைவி வதனி, “கோபத்தக் கொஞ்சம் குறைச்சு எழுதுங்க அண்ணன்” என்றார். குறைத்துத்தான் எழுதுகிறேன்.

அன்றே தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“தவம் எப்ப ஐசே கோட் போட்டவர்?”

“அஞ்சலிக்குத்தானே சேர். ஒரு மரியாதைக்கு.”

“அந்தக் கெமரா யாருடையது?”

“அது இன்டர்நெட்டில எடுத்து ஒட்டினது. அவர்ட கெமராவப் போட்டா ஆக்கள் என்ன நினைப்பாங்க? விளையாட்டுச் சாமான் மாதிரி எல்லே இருக்கும்.”

“இடது கன்னத்தில மச்சம் ஒண்டு இருந்ததே. அது எங்க?”

“ஓ, அதுவா. டிசைன் செய்தவர் தூசு எண்டு நினைச்சு எடுத்திட்டாராம். படம் கந்தோர் அடையாள அட்டையில இருந்த படம் சேர். வேற நல்ல படம் ஒண்டும் ஆளிட்ட இல்ல.”

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். மேலும் பேசியிருந்தால் இந்த மலரில் அச்சிட முடியாததைப் பேசியிருப்பேன்.

தவத்தைத் தெரியாதவர்கள் கையிலும் இந்த மலர் சேரக்கூடும் என்பதால் சொல்கிறேன். அவர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். நான் அங்கே பதிவாளராக இருந்தேன். எனக்கு வரவேண்டிய பதவி யாருக்குப் போனது, எப்படிப் போனது என்பதை வேறோர் இடத்தில் எழுதுவேன். சாட்சிக் கூண்டுக்கும் நீதிபதிக்கும் நடுவில் நின்று, சிங்களத்தில் கேட்டதைத் தமிழிலும் தமிழில் சொன்னதைச் சிங்களத்திலும் சொல்வது அவர் வேலை. ஒருமுறை ஒரு மீனவர் சாட்சி சொல்லும்போது திக்கித் திக்கி, முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார். தவமும் அப்படியே முரணாக மொழிபெயர்த்தார். சட்டத்தரணி ஒருவர் இடைவேளையில் அவரைப் பிடித்துக்கொண்டார். “கொஞ்சம் ஒழுங்குபடுத்திச் சொல்லியிருக்கலாமே தவம்?” தவம் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்: “ஒழுங்குபடுத்தினா அது என்ட சாட்சி, சேர். அந்த மனிசன்ட சாட்சி இல்ல.”

அப்படிப்பட்டவருடைய முகத்தைத்தான் ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள்.

நீதிமன்றத்துக்கு வெளியே அவருக்கு ஒரே ஒரு பித்து. சட்டைப் பையில் அடங்காது, ஆனால் காற்சட்டைப் பையில் திணித்தால் ஒருவாறு அடங்கும் அளவில் ஒரு மிரர்லெஸ் கெமரா வைத்திருந்தார். அதில் தட்டையான ஒரு லென்ஸ். அதை ‘ரொட்டி’ என்பார். வேறு லென்ஸ் வாங்கவே இல்லை. சந்தைக்குப் போனாலும் நீதிமன்றக் கந்தோருக்குப் போனாலும் கூட வரும். மட்டக்களப்பில் கெமரா வாங்க நினைத்தவர்கள் பாதிப்பேராவது அவரிடம் கேட்டிருப்பார்கள். அவரும் கேட்டவரைக் காத்தான்குடிக்கு, நியாஸின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போவார். நியாஸ் கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்து கெமராக் கடை போட்டவர்.

நானும் போனேன். அப்போது நான் சங்கத்தில் இருந்தேன். தலைவரின் பேச்சைக் கேட்டு, முழு அளவு சென்சர் உள்ள பெரிய கெமராவும் தடித்த சூம் லென்ஸும் வாங்குவதென்று முடிவெடுத்திருந்தேன். தவம் அந்தக் கெமராவையும் லென்ஸையும் பூட்டிக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்துப் பலசரக்குக் கடைக்குப் போனார். நான் பின்னால் போனேன்.

கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டே, “என்ன தவம், இண்டைக்கு யாரக் கட்டி அனுப்பப் போறீங்க?” என்றார். இது அங்கே வழக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது. தவம் கெமராவைத் தராசின் ஒரு தட்டில் வைத்தார். மறு தட்டில் சீனி கொட்டினார். தட்டுகள் நேரானதும் சீனியைப் பையில் கட்டி, கெமரா வாரில் கோத்து என் கழுத்தில் மாட்டினார்.

“இதப் போட்டுக்கிட்டு வாவிக்கரையால ஒரு சுத்துச் சுத்திட்டு வாங்க சேர்.”

“என்ன விசர்க்கதை இது?”

“நீங்க வாங்கப் போறதும் இந்தப் பாரம்தான். சீனி விலை குறைவு. அதால முதல்ல சீனிய வாங்கிப் பாப்பம்.”

படித்த மனிதன், நீதிமன்றப் பதிவாளன், காத்தான்குடிப் பிரதான வீதியில் கழுத்தில் சீனியோடு நடந்தேன். புடவைக்கடை வாசலில் இருந்த ஒருவர், “என்ன சேர், சீனிக்கு ஏதும் நேர்த்தியா?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர், “தவத்திட்ட கெமரா கேட்டிருப்பார்” என்றார். வாவிக்கரையில் கொக்குகள் நின்றன. தோணி ஒன்று வலையோடு வந்தது. எதையும் நான் பார்க்கவில்லை. பிடரி வலித்தது. யாரும் பார்க்காத இடத்தில் பையைக் கழற்றி மதகில் வைத்துவிட்டுக் கொஞ்சம் நின்றேன். பிறகு மாட்டிக்கொண்டு திரும்பினேன்.

தவம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பையின் அடியைப் பார்த்தார்.

“கீழ வைச்சிட்டீங்க.”

“யார் சொன்னது?”

“மண் ஒட்டிக் கிடக்கு.”

அதன் பிறகுதான் தெரிவு தொடங்கியது. நியாஸ் மூன்று சிறிய கெமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று மிக அழகானது. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் அதில் இல்லை. பின்திரை மட்டும்தான். தவம் அதை வெயிலுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். திரையில் என் முகம்தான் தெரிந்தது. “மத்தியான வெயிலில வாவியப் பிடிக்கப் போனா இதில உங்களத்தான் பாப்பீங்க” என்றார். இரண்டாவதில் கைநடுக்கத்தைத் தாங்கும் பொறி உண்டு என்று நியாஸ் புகழ்ந்தார். “நம்மட கை ஆடினா அது பிடிக்கும். மீன் துள்ளினா பிடிக்காது. அதுக்கு வெளிச்சம் வாங்குற லென்ஸ் வேணும்” என்றார் தவம். மூன்றாவதை என் கையில் தந்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பொத்தானையும் தேடிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அதுதான் என்னுடையதாயிற்று.

லென்ஸ் விடயத்தில்தான் சண்டை வந்தது. அவர் வைத்திருக்கும் ரொட்டியையே நானும் வாங்குகிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “லென்ஸ நம்பரப் பாத்து வாங்க ஒண்ணா சேர். நீங்க ஒரு ஆளோட எவ்வளவு தூரத்தில நிண்டு பேசுவீங்களோ, அந்தத் தூரத்தில ஆள் படத்தில நிறைவா விழணும். அதுதான் உங்கட லென்ஸ். நான் கிட்டப் போய்ப் பேசுற ஆள், எனக்கு அகலமாப் பிடிக்கிற இந்த ரொட்டி. நீங்க ஆக்களோட எட்ட நிண்டு பேசுற ஆள். உங்களுக்கு முப்பத்தஞ்சு.” நியாஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியைத் துடைத்தார். எனக்குச் சுட்டது. ஆனால் முப்பத்தைந்து மில்லிமீற்றர் லென்ஸைத்தான் வாங்கினேன். வேறு எதுவும் எனக்குப் பொருந்தியிராது என்பது பிறகு தெரிந்தது.

பூட்டி முடித்ததும் கடை வாசலில் இரண்டு எட்டுத் தள்ளிப் போய் நின்றார். சீனிப் பையைத் தூக்கிப் பிடித்தார். “என்னைப் பிடியுங்க” என்றார். பிடித்தேன். புதுக் கெமராவின் முதல் படம் அது.

இப்போது நான் மறக்காத ஒன்றைச் சொல்கிறேன். சங்கம் ஒரு போட்டி வைத்தது. தவம் ஒரு படம் அனுப்பினார். அமிர்தகழியில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் ஆடிவிட்டுக் கரையேறிய ஒரு பெண், தன் கணவனின் காதுக்குள் போன தண்ணீரைச் சேலைத் தலைப்பின் நுனியைத் திரித்துத் துடைக்கிறாள். அவன் குழந்தையைப்போல் தலையைச் சரித்துக் கொடுக்கிறான். சுற்றிலும் ஆயிரம் பேர். அவர்கள் இருவருக்கும் ஒருவரும் இல்லை. அந்தப் படத்தை எடுக்க அந்தக் காதுக்கு எவ்வளவு கிட்டப் போயிருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அவ்வளவு கிட்டப் போயும் அவர்கள் இவரை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. பெரிய கெமராவோடு போயிருந்தால் இருவரும் நிமிர்ந்து நின்று போஸ் கொடுத்திருப்பார்கள்.

நடுவர் மேசையில் தலைவர் இருந்தார். நானும் மண்டபத்தில் இருந்தேன். “படம் பரவாயில்லை. எதில எடுத்தது?” என்று கேட்டார். தவம் காற்சட்டைப் பையிலிருந்து கெமராவை எடுத்துக் காட்டினார். மண்டபம் சிரித்தது. “இது சுற்றுலாப் போறவங்கட சாமான் எல்லே தம்பி? நாங்க தொழில்முறைக் கருவிக்குத்தான் போட்டி வைச்சனாங்க” என்று படத்தை ஒதுக்கிவிட்டார். முதற்பரிசு ஒரு மீன்கொத்திக்குப் போனது. பறவைக்கு முன்னால் மீனைக் கட்டி வைத்து எடுத்த படம் அது என்பது மண்டபத்தில் பாதிப்பேருக்குத் தெரியும். நான் எழுந்து நின்று பேசினேன். அன்றைக்கே சங்கத்திலிருந்து விலகினேன். தவம் விலகவில்லை. வாசலில் வைத்து என்னைத்தான் ஏசினார்: “உங்களுக்குக் கெமரா வேணாம் சேர். வழக்கு ஒண்டு இருந்தாப் போதும்.”

அவருக்குக் கோபமே வராதோ என்று நான் கேட்டதுண்டு. ஒருமுறை வந்ததைப் பார்த்தேன். உன்னிச்சையில் ஒரு சாவீட்டுக்கு இருவரும் போயிருந்தோம். வயல் வட்டைக்குப் போன இடத்தில் பாம்பு கடித்து இறந்த விவசாயி. கூடத்தில் அவர் படத்தைப் பெருப்பித்து மாலை போட்டு வைத்திருந்தார்கள். தேசிய அடையாள அட்டையில் இருந்த படம். கன்னத்தின் மேலால் அரசாங்க முத்திரையின் பாதி வளையம் ஓடியது. தவம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் சைக்கிளை உதைத்தார். “என்ட அப்பாவும் வீட்டில இப்பிடித்தான் தொங்குறார் சேர், கன்னத்தில சீலோட. இடம்பெயர்ந்து போன நேரம் ஆல்பம் எல்லாம் போச்சு. ஒரு மனிசன் அறுவது வருசம் சிரிச்சு, சாப்பிட்டு, சண்டை பிடிச்சு இருந்திட்டு, கடைசில பொலிசுக்குக் காட்டுற முகத்தோட மிஞ்சணுமா?” அவர் ஏன் அந்தச் சிறு கெமராவைக் கீழே வைப்பதே இல்லை என்பதை அன்று விளங்கிக்கொண்டேன். எடுத்த ஒவ்வொரு முகத்தையும் அச்சுப் போட்டு உரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். இந்தப் பிரதேசத்தில் எத்தனை வீட்டுச் சுவர்களில் மாலைக்குள்ளே சிரிக்கும் முகங்கள் அவர் எடுத்தவை என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலேயே இருக்கும்.

இப்போது அவருடைய முறை. கந்தோர் அட்டைப் படம், கோட், இரவல் கெமரா.

காரியங்கள் முடிந்த கிழமை வதனி என்னைக் கூப்பிட்டார். “அண்ணன், முப்பத்தோராம் நாளுக்குப் புத்தகம் அடிக்கணும். முன்பக்கத்துக்குப் படம் இல்ல. சங்கத்து ஆக்கள் அந்தப் பதாகைப் படத்தத் தாறம் எண்டு சொல்றாங்க. கூடத்தில கொழுவவும் அதுதான் கிடக்கு. நான் என்ன செய்ய?”

தவத்தின் கணினியைத் திறந்து தேடினோம். மாவட்டமே அதற்குள் இருந்தது. ஏறாவூர்த் தறி, பனிச்சங்கேணிப் பாலத்தடியில் வலை உதறும் பெண், நீதிமன்ற வாசலில் தூங்கும் கட்சிக்காரர். அவர் மட்டும் இல்லை. சொந்தக்காரர்களின் தொலைபேசிகளில் அவர் இருந்தார், முகத்துக்கு முன்னால் கெமராவோடு. கலியாணப் படத்தில் இருந்தவர் மீசை அரும்பிய வேறொருவர். வதனி சுவரைப் பார்த்துச் சொன்னார்: “ஊரையெல்லாம் பிடிச்சார். அவரப் பிடிக்க ஒரு ஆள் இல்லாமப் போச்சே.”

அப்போதுதான் எனக்கு அந்தச் சீனிப் பை நினைவுக்கு வந்தது.

நான் எதையும் அழிக்காதவன், பகையைக்கூட. வீட்டுக்குப் போய்ப் பழைய நினைவக அட்டையைக் கெமராவில் போட்டேன். முதற்படம் இருந்தது. அவசரத்தில் லென்ஸை முழுக்கத் திறந்து வைத்து எடுத்திருக்கிறேன். குவியம் பையில் விழுந்துவிட்டது. சீனியை ஒவ்வொரு மணியாக எண்ணலாம். பின்னால் தவம், கலங்கிய நீருக்குள் தெரிகிற முகமாகச் சிரிக்கிறார். வதனியிடம் காட்டினேன். “சீனிதான் நல்லா விழுந்திருக்கு அண்ணன்” என்று சொல்லிவிட்டு, செத்தவீட்டுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு அழுதார்.

ஆனால் வழி தெரிந்துவிட்டது. அவரோடு போய்க் கெமரா வாங்கிய எல்லோரும் அதே வாசலில் நின்று அவரைப் பிடித்திருப்பார்கள். நியாஸிடம் ஓடினேன். “ஓம் சேர், எல்லாருக்கும் அவர்தான் நிண்டு குடுப்பார். நானும் ஒண்டும் வைச்சுக்கொள்ளல்ல. கார்டையும் சேத்துத்தானே குடுத்து அனுப்பின” என்றார். தன்னிடம் வாங்கியவர்களுக்கெல்லாம் அன்றே செய்தி அனுப்பினார். நான் அந்த வட்ஸ்அப் குழுவில், பல வருடங்களுக்குப் பிறகு, முதன்முதலாக எழுதினேன்: தவத்தோடு போய் வாங்கியவர்கள் முதற்படத்தைத் தேடிப் பாருங்கள்.

படங்கள் வரத் தொடங்கின. ஏறாவூர் ஆசிரியை ஒருவர் அனுப்பியதில் அரைமுகம். பனிச்சங்கேணியிலிருந்து வந்ததில் மூக்கு மட்டும். யாரோ தூரத்து லென்ஸை வைத்துக்கொண்டு கிட்ட நின்று எடுத்திருக்கிறார்கள். சிலவற்றில் கண் மூடியிருந்தது. எல்லாம் அவர். எல்லாவற்றிலும் மச்சம் இருந்தது. முன்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

கடைசியாக ஒன்று வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை, படம் மட்டும். தவம் அதே வாசலில், வாய் பாதி திறந்து, ஏதோ நக்கல் சொல்லத் தொடங்கிய முகத்தோடு நிற்கிறார். கண் நேரே நம்மைப் பார்க்கிறது. மச்சத்தில் முளைத்த ஒற்றை மயிர்கூடத் தெரிகிறது. அனுப்பியவர் சங்கத் தலைவர்.

படத்தோடு ஒட்டி வரும் விவரங்களைத் திறந்தேன். தவம் வைத்திருந்த அதே வகைச் சிறு கெமரா. அதே ரொட்டி லென்ஸ். எடுத்த காலம் போட்டிக்குப் பிறகு.

நியாஸைக் கேட்டேன். அவர் நெளிந்தார். “வந்தார் சேர். காலைல நடக்கப் போகக்குள்ள பெரிசத் தூக்க ஏலா எண்டார். ஆருக்கும் சொல்லப்படாது எண்டு எங்க ரெண்டு பேரிட்டயும் வாக்கு வாங்கினார்.”

“தவம் என்ன சொன்னவர்?”

“ஒண்டும் சொல்லல்ல. சீனி கட்டி அனுப்பினார்.”

மண்டபத்தில் வைத்துச் சிரித்தவருக்கு, அதே சாமானை நின்று தெரிந்து கொடுத்திருக்கிறார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த ஒன்றை மட்டும் தவத்திடம் கேட்க வேண்டும் போலிருக்கிறது: நான் யாருக்காக எழுந்து நின்று பேசினேன், ஐசே?

வதனி அந்தப் படத்தைப் பார்த்ததும் மற்றவற்றை ஒதுக்கிவிட்டார். “இதுதான் அண்ணன்.” நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு எதுவும் போடுவோம், என்னுடைய மங்கற் படத்தையாவது போடுவோம், அந்த மனிதர் எடுத்தது வேண்டாம் என்றேன். வதனி ஆசிரியை. வகுப்பில் பேசுகிற அதே குரலில் கேட்டார்: “படம் நல்லமா, இல்லையா?”

“நல்லம்தான்.”

“அப்ப நீங்களும் ஆர்ட கெமரா எண்டு பாத்துத்தான் படத்தத் தள்ளுறீங்க?”

அந்தப் படத்தை நானே அச்சகத்துக்குக் கொண்டுபோனேன்.

இந்த மலரின் முன்பக்கத்தில் நீங்கள் பார்த்த முகம் அதுதான். அச்சகத்தில் மச்சத்தைத் தொடாமல் இருக்க வேண்டுமென்று, பக்கம் அச்சேறும்வரை நான் அங்கேயே கதிரை போட்டு இருந்தேன். எடுத்தவர் பெயரைக் கீழே போடச் சொன்னதும் நான்தான். கெமராவின் பெயரையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன். போட்டி விதிப்படி அது தெரிய வேண்டுமல்லவா? மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சங்கம் அச்சிட்டுக் கட்டிய அந்தப் பதாகை இன்னும் தொங்குகிறது. கழற்றும்வரை தினமும் போய்ப் பார்ப்பேன்.

வதனி எனக்கு ரொட்டி லென்ஸைத் தந்தார். என் கெமராவில் அது பொருந்துகிறது. அந்த லென்ஸில் ஓர் ஆள் நிறைவாக விழ வேண்டுமென்றால், நான் வழக்கமாக நிற்கிற இடத்திலிருந்து ஓர் அடி முன்னால் போகவேண்டியிருக்கிறது. போகிறேன். மீன் விற்கிறவரிடம் போனேன், வதனியிடம் போனேன், நியாஸிடம் போனேன். தவம் எனக்கு விட்டுப்போனது இந்த ஓர் அடிதான்.

தலைவரை மட்டும் இப்போதைக்கு முப்பத்தைந்திலேயே எடுப்பேன்.